சர்வீஸ் சென்டருக்குப் போனால் சரியாகிவிடும் வண்டி

பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயில் வாசலில் பூசாரி சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் காட்டி, "எடுங்க சார்" என்றார். நாலும் நசுங்கின. ஓடோமீட்டரில் அப்போது 46 கிலோமீட்டர். ஓயாமல் மக்கர் செய்யும் புதுக் காரை அமெரிக்காவில் 'லெமன்' என்பார்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கற்பூர வாசனைக்கு நடுவில் அதையெல்லாம் நினைக்கக் கூடாது என்று கியரைப் போட்டேன்.

பதினெட்டாம் நாள் அது ஆரம்பித்தது. திருவொற்றியூரிலிருந்து பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் சாத்தாங்காடு. பாரிமுனைச் சந்துகளில் நெரிந்துகொண்டிருந்த இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவர சி.எம்.டி.ஏ. அமைத்த இரும்புச் சந்தை அங்கேதான் இருக்கிறது. தகடு சுருட்டிய காயில்களை ஏற்றிய டிரெய்லர்களும் கன்டெய்னர் லாரிகளும் போய்ப் போய் அந்தச் சாலைக்கு அம்மைத் தழும்பு முகம். நாற்பது நிமிடம் வரிசையில் ஊர்ந்துவிட்டு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினேன். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மாட்டேன் என்று அடம். பின்னால் ஒரு டிரெய்லர்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஓரங்கட்டி, சாவியை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போட்டேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். "ஒரு கோடு ஸ்டோர் ஆகியிருந்துச்சு சார், கிளியர் பண்ணிட்டோம். டிரையல் பார்த்தாச்சு. நோ ப்ராப்ளம்." ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. இரண்டாம் முறை வயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார்கள். ஐந்து வாரம் நிம்மதி. பிறகு மறுபடி. மூன்றாம் முறை, இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியையே வாரன்டியில் புதிதாக மாற்றினார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் வண்டி தங்கமாக ஓடியது. பிறகு, மறுபடி. நான்காம் முறை போனபோது சர்வீஸ் அட்வைசர் என் முகவரியைப் பார்த்துவிட்டு, "உங்க ஏரியா உப்புக்காத்து சார், அதான்" என்றார். வடசென்னையில் எது கெட்டாலும் கடல்தான் குற்றவாளி.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, சாத்தாங்காட்டில் டிரெய்லர்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயது இருக்கும். தகரக் கூரை, ஒரு பெஞ்சு, சுவர் முழுக்கத் தொங்கும் வயர் சுருள்கள். வண்டியைத் தொடும் முன் கேள்வி கேட்டார்.

"எடுத்ததும் வருதா, சூடானப்புறம் வருதா தம்பி?"

"சூடானப்புறம்தாண்ணே."

"பள்ளத்துல எறங்கசொல்லவா, ஏறசொல்லவா?"

இதை யாரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. "ஏறும்போது" என்றேன். பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, த்ராட்டில் பாடிக்குப் போகும் வயர்க் கற்றையை இரண்டு விரலால் மெல்ல ஆட்டினார். இன்ஜின் சத்தம் தொங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. இத்தனை மாதத்தில் என்னைத் தவிர இன்னொருவர் கண் எதிரில் அந்த விளக்கு எரிந்தது அப்போதுதான். அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

கப்ளரைக் கழற்றி, செல்போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினார். வரிசையாக ஆறு பின்கள், வெள்ளி நிறம். இரண்டு பின்களில் மட்டும் எறும்பு கடித்த இடம்போல ஒரு கறுப்புப் புள்ளி. "பச்சையா களிம்பு ஏறியிருந்தா உப்புன்னு சொல்லலாம். இது கறுப்பு. ஆடி ஆடித் தேஞ்சது." துடைக்கப் போன என் கையைத் தடுத்தார். "இப்ப சும்மா கழட்டி மாட்டுனாலே நல்லா ஓடும். அதான் வம்பே."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. மாதக்கணக்கில் என்னை அலைய வைத்த மர்மத்துக்கு அது முழு விடை. ஏன் என்று புரிய ஈயம் பூசுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

பித்தளைப் பாத்திரங்களுக்குத் தெருவில் உட்கார்ந்து ஈயம் பூசிக் கொடுப்பார்களே, அதே ஈயம்தான் கார் கப்ளர்களின் பின்களிலும் பூசப்பட்டிருக்கிறது. ஈயச் சொம்பு ரசத்தின் அதே வெள்ளீயம். அடியில் செப்புக் கலவை, மேலே மெல்லிய வெள்ளீயப் பூச்சு. வெள்ளீயம் மிக மிருதுவான உலோகம். ஆனால் காற்றுப் பட்டதுமே அதன் மேல் ஒரு ஆக்சைடு படலம் படர்ந்துவிடும். அதன் கனம் சில நானோமீட்டர்தான், ஆனால் கடினம், நொறுங்கும் இயல்பு, மின்சாரத்தை எளிதில் விடாது. சோற்றின் மேல் ஒரு அப்பளத்தை வைத்துக் கையால் அழுத்துங்கள். அடியில் சோறு குழைந்து கொடுக்கும், மேலே அப்பளம் தாங்காமல் நொறுங்கும், விரிசல் வழியே விரல் சோற்றைத் தொட்டுவிடும். கப்ளரை அழுத்தி மாட்டும்போது நடப்பதும் இதுதான். படலம் உடைந்து, வெள்ளீயமும் வெள்ளீயமும் நேராகத் தொட்டுக்கொள்கின்றன. அதுவும் பரப்பு முழுக்க இல்லை. எவ்வளவு வழவழப்பான உலோகமும் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். மேடும் மேடும் முட்டும் ஒரு சில புள்ளிகள் வழியாகத்தான் மின்சாரம் முழுவதும் போகிறது.

மாட்டியது ஆடாமல் இருந்தால் பல்லாண்டு தாங்கும். ஆடினால்தான் கதை மாறுகிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதில் பாதி அளவுக்குப் பின் முன்னும் பின்னும் நகர்ந்தால் போதும். நகர்ந்த இடத்தில் புது வெள்ளீயம் வெளியே தெரியும், உடனே படலம் படரும், அடுத்த ஆட்டத்தில் அது நொறுங்கித் தூளாகும், மறுபடி படரும். இப்படிச் சில ஆயிரம் ஆட்டம் ஆனால் தொட்டுக்கொள்ளும் பரப்புகளுக்கு நடுவில் ஆக்சைடு தூள் மெத்தைபோலச் சேர்ந்துவிடுகிறது. நான் பார்த்த கறுப்புப் புள்ளி அந்த மெத்தைதான். மில்லி ஓம் கணக்கில் இருந்த மின்தடை திடீரென்று பல ஓம் ஆகும், அடுத்த குலுக்கலில் பழையபடி இறங்கும். 1970களிலேயே மின் இணைப்புகளை ஆராய்ந்தவர்கள் இதைத் தெளிவாகக் கண்டு எழுதிவிட்டார்கள். தங்கம் பூசினால் இந்தத் தொல்லை இல்லை, தங்கத்தில் ஆக்சைடு படியாது. ஏர்பேக் இணைப்புகளில் பெரும்பாலும் தங்கம் பூசுவது அதனால்தான். எல்லாப் பின்னுக்கும் பூசினால் காரை நகைக் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

சில ஆயிரம் ஆட்டம் என்பது பெரிய எண்ணிக்கையா? நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் வினாடிக்கு 25 வெடிப்பு. கன்டெய்னர் வரிசையில் நாற்பது நிமிடம் நின்றால் 60,000. அதற்கு மேல் சூடேறும்போது பிளாஸ்டிக் ஒரு அளவு விரிகிறது, செம்பு இன்னொரு அளவு. அதுவும் ஒரு நகர்வு.

எல்லாக் காரும் குலுங்கத்தான் செய்கிறது, ஏன் என் கார் மட்டும்? எலக்ட்ரீஷியன் வயர்க் கற்றையைத் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றார். இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, அது தனியாக ஆடும். வயரோ பாடியிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவில் வயரைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டு, இன்ஜின் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் கவ்வ வைத்திருப்பார்கள். ஆட்டத்தை அந்தக் கிளிப் வாங்கிக்கொள்ளும். என் வண்டியில் கிளிப் மாட்டும் ஓட்டை இருந்தது. கிளிப் இல்லை. ஃபாக்டரியிலேயே விட்டுப்போயிருக்க வேண்டும். இன்ஜின் ஆடும் ஒவ்வொரு முறையும் வயர் நேராகப் பின்னைப் பிடித்து இழுத்திருக்கிறது.

இப்போது அந்த முதல் மூன்று விசிட்டையும் திரும்பப் பாருங்கள். முதல் முறை பழுதுக் கோடை மட்டும் அழித்தார்கள், கப்ளரைத் தொடவில்லை. ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. இரண்டாம் முறை கழற்றி மாட்டினார்கள். பின் சறுக்கி உள்ளே போகும்போது தூளைத் துடைத்துக்கொண்டு போகும். புது இடத்தில் புதுத் தொடுகை, மறுபடி மெத்தை சேர ஐந்து வாரம். மூன்றாம் முறை புது த்ராட்டில் பாடி, அதில் புதுப் பின், அதனால் இன்னும் கொஞ்சம் அதிக நாள். கழற்றிய பழைய த்ராட்டில் பாடியில் எந்தக் கோளாறும் இருந்திருக்காது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. அவர்கள் சோதித்ததே வைத்தியமாக வேலை செய்தது, கூடவே தடயத்தையும் துடைத்துவிட்டது.

ஸ்கேனர் காட்டிய கோடு பி2135. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இரண்டு தனித்தனி சமிக்ஞைகள் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கொஞ்ச நேரம் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் இரண்டையும் நம்பாது, வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். அந்த முப்பது கிலோமீட்டர் அடத்துக்கு அர்த்தம் அது. நல்ல முன்ஜாக்கிரதைதான், பின்னால் டிரெய்லர் இல்லாத இடத்தில். ஆனால் கோடு சொல்வது ‘இரண்டு சாட்சியும் முரண்படுகிறது’ என்பதை மட்டுமே. பொய் சொல்வது சென்சாரா, வயரா, பின்னா, கம்ப்யூட்டரா என்று அது சொல்லாது. கோடைப் பார்த்துப் பாகத்தை மாற்றுவது இருமலைப் பார்த்துத் தொண்டையை மாற்றுவது மாதிரி.

வெள்ளீயத்துக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. சுத்த வெள்ளீயப் பூச்சிலிருந்து தானாகவே முடி முளைக்கும். உண்மையாகவே. தலைமுடியை விட மெல்லிய படிக இழைகள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட். காரீயம் கலந்தால் இந்த முளைப்பு பெரிதும் அடங்கும். காரீயம் நஞ்சு என்று ஐரோப்பா 2006 முதல் பெரும்பாலான மின்னணுச் சாதனங்களில் அதைத் தடுத்துவிட்டது. டொயோட்டா கார்கள் தாமாக வேகமெடுக்கின்றன என்ற புகார்களை ஆராயும்படி அமெரிக்க அரசு நாசாவின் பொறியாளர்களைக் கேட்டது. 2011இல் வெளியான அறிக்கையில், அப்படிப் பாய்ந்தோட வைக்கும் மின்னணுக் கோளாறு எதுவும் அகப்படவில்லை என்றார்கள். ஆனால் பழுதென்று திரும்பி வந்த ஒரு ஆக்சிலேட்டர் பெடலின் சென்சாருக்குள் வெள்ளீய முடி ஒன்று இரண்டு முனைகளை இணைத்துக்கொண்டு நின்றது. விண்கலம் விடுகிறவர்கள் தேடினால்தான் அகப்படும் அளவுக்குச் சின்னப் பழுது.

பழுது சின்னதாக இருந்து தேடுகிறவர் கண்ணைக் கட்டிய கதைகளில் மிகக் கொடியது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தினுடையது. அவர்களுடைய ஷெவர்லே கோபால்ட் போன்ற கார்களில் சாவி ஸ்விட்சின் ஸ்பிரிங் பலவீனம். கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் இடித்தாலோ ஓடும் வண்டியில் சாவி தானாகத் திரும்பிவிடும். இன்ஜின் அணையும், ஸ்டியரிங் கனக்கும், ஏர்பேக் விரியாது. 2014 பிப்ரவரியில்தான் அந்தக் கார்களைத் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124. இவ்வளவு நாள் ஏன் பிடிபடவில்லை? 2006இல் ஸ்விட்சைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள், பாகத்தின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. ஆராய்ந்தவர்கள் கண்ணுக்குப் பழைய ஸ்விட்சும் புதிய ஸ்விட்சும் ஒரே பொருள். ஒரு விபத்து வழக்குக்காக ஃபுளோரிடா மாநிலத்துப் பொறியாளர் ஒருவர் கடையில் புதிதாக ஒரு ஸ்விட்ச் வாங்கி, விபத்து வண்டியின் ஸ்விட்சோடு வைத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு குமிழின் நீளத்தில் 1.6 மில்லிமீட்டர் வித்தியாசம்.

என் கிளிப்பும் அந்த ரகம்தான். இல்லாத கிளிப்புக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் கோடு கிடையாது.

புது வண்டியில் பழுதா என்று எல்லோரும் அதிர்ச்சியாகிறார்கள். பழுதுகளை வரைபடமாகப் போட்டால் தொடக்கத்தில் உயரம், நடுவில் தாழ்வு, வயதான காலத்தில் மறுபடி உயரம். ஆங்கிலத்தில் இதைக் குளியல் தொட்டி என்பார்கள், நமக்கு வாணலி என்றால் சட்டென்று விளங்கும். தயாரிப்பில் விட்டுப்போனதெல்லாம் முதல் சில மாதங்களில் வெளியே வரும். ஒரு காரில் திருகாணிவரை எண்ணினால் ஏறக்குறைய 30,000 பாகங்கள். ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் ஒன்றுதான் சொதப்பும் என்று வைத்துக்கொள்வோம், தயாரிப்பில் அது அபாரமான தரம். அப்படியும் நூறு காரில் மூன்றில் ஏதாவது ஒரு சொதப்பல் இருக்கும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு ஏற்றுமதிக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஓடும். லாரிக்கு எட்டுக் கார் என்றால், நாலு லாரி கடந்தால் அதில் ஒரு லெமன் போகிறது.

அந்த லெமன்காரர் அமெரிக்காவில் இறங்கினால் பிழைத்தார். 1982இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கிவைத்த சட்டப்படி, குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரே பழுதை நாலு முறை பார்த்தும் தீராவிட்டாலோ, வண்டி மொத்தம் முப்பது நாள் ஷெட்டிலேயே கிடந்தாலோ, மாற்று வண்டியோ பணமோ கேட்கலாம். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 110ஏ பிரிவின்படி 2021 ஏப்ரல் முதல் அரசே வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம், ஆனால் அதற்குக் கோளாறு அந்த மாடலுக்கே பொதுவானதாக இருக்க வேண்டும். நிறுவனங்கள் தாமாகவும் அழைப்பதுண்டு. 2021 செப்டம்பரில் மாருதி சுஸுகி 1,81,754 பெட்ரோல் கார்களை அழைத்தது. பாகம் மாற்றும் வரை தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்ட வேண்டாம், மின் பாகங்களில் நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்றது. அக்டோபர், நவம்பரில் திருவொற்றியூர்க்காரர் வேறு எந்தச் சாலையில் ஓட்டுவது என்று சொல்லவில்லை.

தனியொருவர் வண்டிக்கு உள்ளது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. இரண்டு வருடத்துக்குள் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் அங்கே முதல் கேள்வி, தயாரிப்புக் கோளாறு என்பதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். ஆய்வு இல்லாமல் தெரியாத கோளாறை ஆணையம் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும், 45 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும். கோளாறு உறுதியானாலும் முழு வண்டியும் கிடைத்துவிடாது. மாருதி உத்யோக் வழக்கு ஒன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரன்டியின் பொறுப்பு கோளாறான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவதுதான் என்று சொல்லி, காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை ரத்து செய்தது. அதனால் ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுத விடாதீர்கள். எந்தச் சாலை, எத்தனை நிமிடம் ஓடியபின், ஏற்றமா இறக்கமா என்று நீங்கள் சொல்கிறபடியே எழுதச் சொல்லுங்கள். கோடு பதிவானபோது வேகம் என்ன, இன்ஜின் சூடு என்ன என்பதையும் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு படம்போலப் பிடித்து வைத்திருக்கும். அழிக்கும் முன் அதை பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள், அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். நான் முதல் மூன்று முறையும் கேட்கவில்லை.

எலக்ட்ரீஷியன் கிளிப்பை அவரே மாட்டவில்லை. "வாரன்டி வண்டில நான் எதையும் வெட்ட மாட்டேன், ஒட்ட மாட்டேன். அவங்கிட்டயே போய் மாட்டிக்க." போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். சர்வீஸ் சென்டரில் இரண்டு பின்களையும் மாற்றி, கிளிப்பை மாட்டினார்கள். ஐந்து நிமிட வேலை. செப்டம்பர் கடைசி வாரம் அது. அட்வைசர் இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஓகே என்றார்.

இருபது நிமிடம் எதற்கு ஓகே என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பழுது முற்றியிருந்த நாட்களில் எனக்குச் சராசரியாகப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை விளக்கு எரிந்தது. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டுகிறேன், ஆக 24 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை. இருபது நிமிட டிரையலில் அது அகப்பட வாய்ப்பு 72இல் ஒன்று. அதுவும் என் பள்ளத்தில் ஓட்டினால். அப்படியென்றால் எத்தனை நாள் வராமல் இருந்தால் தீர்ந்தது என்று நம்பலாம்? தாறுமாறாக வந்துபோகும் எதற்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் அமைதியாக இருந்தால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு இருபதில் ஒன்றுதான். முப்பத்தாறு நாள். ஆனால் என் வண்டியிடம் அந்தக் கணக்கு செல்லாது. கப்ளரைக் கழற்றிய பிறகு இரண்டு மாதம்வரை நல்ல பிள்ளையாக நடித்துக்காட்டிய வண்டி அது. பழைய நடிப்புகளில் மிக நீண்டதைத் தாண்டியாக வேண்டும்.

இந்தக் கணக்கோடு சாத்தாங்காட்டுக்குப் போய் எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுக்க பர்ஸை எடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"இப்ப இன்னாத்துக்கு? மழ முடியட்டும், பொங்கல் கழிச்சு வா."

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் போனேன். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.